குட்டி குடித்தது போக

தஞ்சைப் பெரிய கோயிலில் இராஜராஜன் காலத்துக் கொடைகளைச் சொல்லும் கல்வெட்டுகளைப் படித்து வருவோர்க்கு ஒரு கணக்குத் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ஒரு திருவிளக்குக்கு ஆடு 96. அவற்றை ஏற்றுக்கொண்ட இடையன் நாள்தோறும் அளக்கவேண்டிய நெய் ஓர் உழக்கு. வேறு ஊர்க் கல்வெட்டுகளில் 90 ஆடு என்றும் வரும். இவ்வாறு விடப்பட்ட ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று வழங்கினார்கள். மந்தையில் கிழடு கழிந்தாலும், நோயில் சில மடிந்தாலும், பிறக்கும் குட்டிகள் வளர்ந்து அவ்விடத்தை நிரப்பிக்கொண்டே வருமாதலால் எண்ணிக்கை குறையாது. எண்ணிக்கை குறையாதவரையில் விளக்கும் அணையாது என்பது அந்தப் பெயரின் தாத்பரியம்.

இந்த ஏற்பாட்டை ஒரு பால்காரனின் கண்ணோடு பார்த்தால் ஒரு விசேஷம் புலப்படும். உழக்கு என்பது நாழியில் கால் பங்கு. பிற்காலத்துப் படியளவைக் கொண்டு கணக்கிட்டால் அது 336 மில்லிலிட்டர். 96 ஆடுகளுக்குப் பங்கிட்டால் தலைக்கு நான்கு மில்லிலிட்டர் நெய்கூட விழாது. அவ்வளவு நெய்க்கு வேண்டிய பால் ஓர் ஆட்டினிடமிருந்து 100 மில்லிலிட்டரை எட்டாது. மந்தையில் பெட்டைகள் எல்லாம் எப்போதும் கறவையில் இரா என்பதை நினைத்து, கறப்பவற்றின் தலையில் இரண்டு மூன்று மடங்கு ஏற்றினாலும், மனிதன் தனக்கென்று கேட்டது சொற்பம். மிச்சமெல்லாம் குட்டிக்கும் இடையன் வீட்டுக்கும். ஆடு என்றே கல்வெட்டுச் சொல்கிறது. செம்மறி எத்தனை, வெள்ளாடு எத்தனை என்று பிரிப்பதில்லை. கணக்கை வகுத்தவர்கள் குட்டியிடம் இரக்கங்கொண்டு வகுத்தார்கள் என்றும் நான் சொல்ல வரவில்லை. குட்டி பிழைக்காத பட்டியில் பத்தாண்டு கழித்து விளக்குக்கு நெய் இராது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அதுவே போதும்.

ஊட்டுகிற ஆட்டைக் கறக்கலாமா, கறந்தால் எந்த நாள் தொடங்கி, எந்த வேளையில், எவ்வளவு என்ற கேள்விக்கு இன்றைக்கு மூன்று விதமான விடைகள் வழங்கி வருகின்றன. ஈன்ற உடனே குட்டியைப் பிரித்துப் புட்டியில் பாலூட்டி வளர்த்து, தாயை முழுவதும் கறந்துகொள்வது ஒன்று; மேலைநாட்டுப் பெரும் பண்ணைகளில் இதுவே விதி. குட்டி பால் மறக்கும்வரையில் மடியைத் தொடவே கூடாது என்பது இரண்டாவது. இறைச்சிக்காக ஆடு வளர்ப்போர் பலர் இந்தக் கட்சி. நாளில் ஒரு பகுதி குட்டியைத் தாயோடு விட்டு, மறுபகுதி பிரித்து வைத்து, பிரிவின் முடிவில் ஒருமுறை கறப்பது மூன்றாவது. முதலிரண்டு கட்சியாரும், தம்முள் எவ்வளவு மாறுபட்டாலும், மடியில் ஊறும் பால் ஒரு குறிப்பிட்ட அளவு, அதில் குட்டி குடிப்பது மனிதனுக்கு நஷ்டம், மனிதன் கறப்பது குட்டிக்கு நஷ்டம் என்ற ஓர் எண்ணத்தைப் பொதுவாகக் கொண்டிருக்கிறார்கள். அந்த எண்ணம் எவ்வளவு தூரம் மெய் என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும்.

ஸ்காட்லாந்தில் ஏர் நகரத்தை ஒட்டியிருந்த ஹன்னா ஆராய்ச்சி நிலையத்தில், 1980-களில், மால்கம் பீக்கரும் அவருடைய சகாக்களும் வெள்ளாடுகளைக் கொண்டே இதைச் சோதித்தார்கள். ஆட்டு மடி இரண்டு தனித்தனிப் பாதிகளால் ஆனது. ஒன்றின் பால் மற்றொன்றுக்குப் போகாது. இரண்டுக்கும் ஓடுவதோ ஒரே இரத்தம். ஒரு பாதியை வழக்கம்போல் நாளுக்கு இருமுறையும் மறுபாதியை மூன்று முறையும் கறந்தபோது, அதிகமாகக் கறந்த பாதியில் மட்டுமே பால் கூடிற்று. காலியான இடத்தில் அழுத்தம் குறைவதுதான் காரணமோ என்ற சந்தேகத்தைத் தீர்க்க, எடுத்த பாலின் அளவுக்குச் சர்க்கரைக் கரைசலை மடிக்குள் செலுத்திப் பார்த்தார்கள். அப்போதும் சுரப்புக் கூடியது. ஆகையால் தேங்கி நிற்கும் பாலிலேயே மேற்கொண்டு சுரக்க விடாமல் தடுக்கும் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். அது இன்ன பொருள்தான் என்பதில் பின்வந்தவர்கள் ஒருமைப்படவில்லை. ஆனால் எடுக்க எடுக்க ஊறும், தேங்கினால் குறையும் என்ற நடைமுறை உண்மையை அந்தக் கருத்து வேறுபாடு பாதிக்கவில்லை. இரண்டு மூன்று குட்டிகளைச் சுமந்த ஆட்டுக்கு ஒற்றைக் குட்டி ஈன்றதைவிட மடி பெருக்கிறது என்பதும் நிரூபணமான விஷயம். நஞ்சுக்கொடியிலிருந்து தோன்றும் ஒரு ஹார்மோன் ஈனுமுன்பே மடியை அதற்கேற்ப வளர்த்துவிடுகிறது.

ஆகவே, ஒற்றைக் குட்டி போட்ட நல்ல கறவையாட்டில் குட்டி குடித்தது போக எஞ்சும் பாலைக் கறக்காமல் விடுவது அந்தப் பாலைக் குட்டிக்குச் சேமித்து வைப்பதாகாது. தேங்கிய பால் நாளைய சுரப்பைக் குறைத்துக்கொண்டே வரும். ஈன்ற நான்காவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் இடையில் உச்சத்துக்கு ஏறவேண்டிய மடி, அங்கே ஏறாமலே இறங்கத் தொடங்கிவிடும். போதாக்குறைக்கு, குட்டிகள் பெரும்பாலும் தத்தமக்கு ஒரு காம்பைப் பழகிக்கொள்ளும் சுபாவமுடையவை. ஒற்றைக் குட்டி ஒரே காம்பையே முட்டிக்கொண்டிருக்க, மறுபக்கம் கட்டிக்கொண்டு கனத்து, மடிநோய்க்கு வழி திறக்கும். இவ்விடத்தில் கறப்பது தாயாட்டுக்கே செய்யும் உபகாரம்.

இனி, கறக்கும்போது மடிக்குள் நடப்பது என்ன? பசுவின் மடியில் சுரந்த பாலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் காம்புக்கு மேலுள்ள பால்தேக்கத்தில் இறங்கி நிற்கும். மற்றதெல்லாம் உள்ளே நுண்ணிய பைகளில் அடைபட்டிருக்கும். அது இறங்குவதற்கு ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலக்க வேண்டும். அதன் வேகமும் சில நிமிஷங்களுக்கே. கன்று முட்டினாலன்றி நாட்டுப்பசு சுரப்பு விடாமைக்குக் காரணம் இதுதான். வெள்ளாட்டின் சங்கதி வேறு. சிறிய உடம்புக்குப் பெரிய தேக்கம். பாலில் முக்கால் பங்குவரையில் தானே இறங்கிக் கை படக் காத்திருக்கும். ஆகையால் குட்டி பக்கத்தில் இல்லாமலும் ஆட்டைக் கறந்துவிடலாம், நாளுக்கு ஒருமுறை மட்டும் கறந்தாலும் பெரும் நஷ்டம் வராது. கானரித் தீவுகளில் ஒருவேளைக் கறவையே பரம்பரை வழக்கம். பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் நடந்த சில பரிசோதனைகளில் இருவேளையிலிருந்து ஒருவேளைக்கு மாற்றியபோது குறைந்த பால் ஐந்தில் ஒரு பங்குக்கு உட்பட்டதாகவே இருந்தது.

முக்கால் பங்கு தானே இறங்கும் என்றதும் மீதிக் காலைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று எண்ணிவிடக் கூடாது. உள்ளே தங்கும் பாலில்தான் கொழுப்பு மிகுதி. அமெரிக்காவில் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தார் பால்செம்மறிகளில் செய்து 2001-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், முதல் மாதம் முழுவதும் குட்டிகளை இரவில் 15 மணி நேரம் பிரித்து வைத்துக் காலையில் கறந்து, பகலில் தாயோடு விட்டார்கள். பாலும் கிடைத்தது, குட்டிகளும் நன்றாக வளர்ந்தன. ஆனால் அந்த மாதத்தில் கறந்த பாலில் கொழுப்புக் குறைந்திருந்தது. தாய் தன் குட்டியை எதிர்பார்த்து, யந்திரத்துக்குச் சுரப்பு விடாமல் அடக்கிக்கொண்டதே அதற்குக் காரணம். கொழுத்த பின்பால் குட்டிக்குப் போயிற்று. பாலாடைக்கட்டி செய்து விற்பவருக்கு இது குறைதான். காப்பிக்குப் பால் தேடும் குடும்பத்துக்கு இது ஒரு குறையே அன்று. குட்டிக்கு மெய்யான லாபம்.

இவ்வாறு அடக்கிக்கொள்ளும் பாலைப் பலாத்காரமாக இறக்குவதற்கு மனிதர் கண்டுபிடித்த யுக்திகளைச் சொல்ல எழுதுகோல் கூசுகிறது. பெண்குதிரையின் பிறப்புறுப்பினுள் எலும்புக் குழாயை வைத்து ஒருவர் ஊத, ஒருவர் கறக்கும் ஸித்தியர் வழக்கத்தை ஹெரோடோட்டஸ் எழுதி வைத்தார். நம் நாட்டு நகரத்துத் தொழுவங்களில் 'பூக்கா' என்ற பெயரில் நடந்து வந்ததும் அதுவே. கன்றை இழந்த மாடுகளே அதற்குப் பெரும்பாலும் இரையாயின. காந்தியடிகள் பாலை அறவே விடுவதென்று விரதம் பூண்டிருந்ததற்கு இக்கொடுமையைக் கேள்விப்பட்டதும் ஒரு காரணம் என்பதும், 1918-இல் நோயுற்று நலிந்து கிடந்தவரிடம் ஆட்டுப்பாலுக்கு ஆட்சேபம் இராதே என்று கஸ்தூரிபா கேட்டதும், அவர் அதற்கு இணங்கியதும், இணங்கியது விரதத்தின் எழுத்தைக் காத்து உயிரை விட்டதாகுமோ என்று பின்னால் நெடுநாள் வருந்தியதும் அவருடைய சுயசரிதையில் உள்ள செய்திகள். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு பூக்காவையும், பால் பெருக்கவென்று கால்நடையின் உடல்நலத்துக்குக் கேடான ஊசி போடுவதையும் குற்றமாக்கியிருக்கிறது. ஆட்டைப் பொறுத்தவரையில் இவற்றுக்கு அவசியமே இல்லை என்பது மேலே சொன்னதிலிருந்து விளங்கும்.

குட்டியைச் சிறிது நேரம் பிரிப்பது தாய்க்கும் சேய்க்கும் இழைக்கும் கொடுமையாகாதா என்று கேட்பவர் உண்டு. செம்மறிக்குட்டி பிறந்த நாளே தாயின் பின்னால் ஓடும், வெள்ளாட்டுக்குட்டி அப்படியன்று. மனிதன் கட்டாத ஆடுகளை மலைகளில் கவனித்தவர்கள் கண்டது இது: தாய் முதல் சில நாள்கள் குட்டியைப் புதரடியில் படுக்க வைத்துவிட்டு மேயப் போய், இடையிடையே திரும்பி வந்து ஊட்டிச் செல்கிறது, அது வந்து கூப்பிடும்வரையில் குட்டி அசையாது கிடக்கிறது. பிரிந்திருப்பது இந்த ஜாதியின் சுபாவத்திலேயே உள்ளது. பிறந்த கணத்தில் பிரிப்பதுதான் வேறு விஷயம். அமெரிக்க அறிஞர் பீட்டர் கிளாப்ஃபர் 1964-இல் வெளியிட்ட பரிசோதனையில், ஈன்றவுடன் ஐந்தே நிமிஷம் குட்டியை நக்கி முகர்ந்த தாய், பிறகு சில மணி நேரம் பிரித்து வைத்துக் கொண்டுவந்தாலும் அதை ஏற்றுக்கொண்டது. அந்த ஐந்து நிமிஷமும் கிட்டாத தாய்கள் பெரும்பாலும் தம் குட்டியையே அந்நியமென்று முட்டித் தள்ளின.

பிறந்த உடனே பிரிப்போர் பக்கத்தில் ஒரு வலுவான நியாயம் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. முழங்கால் வீங்கி, மடி கல்லாகி, குட்டிகளில் வாதமாகவும் வெளிப்படுகிற கேப்ரைன் ஆர்த்ரைட்டிஸ் என்செஃபலைட்டிஸ் என்னும் வைரஸ் நோய் 1970-களில் அமெரிக்காவில் இனங்காணப்பட்டது. அது தாயிடமிருந்து குட்டிக்குப் போகும் பெருவழி சீம்பாலும் பாலுமே. நோய் புகுந்த பண்ணையைச் சுத்தி செய்யக் குட்டியைத் தாய் நக்குமுன்பே எடுத்து, 56 பாகையில் ஒரு மணி நேரம் வைத்த சீம்பாலையும் பிறகு காய்ச்சிய பாலையும் புட்டியில் ஊட்டுவதே உபாயம். நோய் உள்ள இடத்தில் இது சரி. ஆனால் அந்த உபாயமே நாளடைவில் நோய் இல்லாத இடத்துக்கும் விதியாகிப் புத்தகங்களில் ஏறிவிட்டதற்கு நோய் மட்டும் காரணமன்று. அங்கே பால் விலை போகிறது, கிடாக்குட்டி விலை போவதில்லை. பாலை விற்பவனுக்குக் குட்டி செலவு. நம் தென்பாண்டிச் சீமையிலோ கோயில் கொடைக்கும் பக்ரீதுக்கும் கிடாதான் பணம். குட்டியை விற்பவனுக்குப் பால்தான் செலவு. எந்தத் தேசத்துப் புத்தகத்தைப் படிக்கிறோம் என்பதைக் கவனியாமல் படித்துவிட்டு, குட்டியைப் பிரித்துப் பவுடர் பால் கரைத்து ஊட்டிக் கழிச்சலில் சாகக் கொடுத்த புதுப் பண்ணைக்காரர்களை நான் கண்டிருக்கிறேன்.

நம்முடைய ஆடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எட்டாவா ஜில்லாவின் ஜமுனாபாரி, பஞ்சாபின் பீட்டல், ஆல்வார்ப் பக்கத்து ஜக்ரானா ஆகியவை கறவைக்கென்றே பேர்போனவை; அவற்றில் குட்டிக்கும் வீட்டுக்கும் பங்கிடப் பால் உண்டு. தூத்துக்குடி, விருதுநகர், திருநெல்வேலிப் பக்கத்துக் கன்னியாடும், நெட்டைக் கொடியாடும், வடக்கே சேலம் கருப்பும் இறைச்சிக்கென்று வளர்ந்த இனங்கள். கன்னியாடு இரட்டை போடுவது சாதாரணம். அதன் மடி அந்த இரண்டுக்கே கணக்கு.

எங்கள் வீட்டில் பகல் முழுவதும் ஆடுகள் கண்மாய்க்கரையிலும் உடங்காட்டிலும் மேயும். பிஞ்சுக் குட்டிகள் தாழ்வாரத்தில் பஞ்சாரத்துக்குள் கிடக்கும். பொழுது சாய ஆடுகள் தெருமுனையில் திரும்பும்போதே மடி கனத்துப் பின்னங்கால்களை அகட்டி வரும் ஆடு முதலில் குரல் கொடுக்கும். பஞ்சாரத்துக்குள்ளிருந்து பதில் கிளம்பும். "வெரசா வாடா, ஆட்டைப் புடி, குட்டிய விட்டுப்புட்டா ரெண்டு காம்பையும் காலி பண்ணிப்புடும்" என்பாள் அப்பத்தா. நான் கொம்பைப் பிடித்துக்கொள்ள, அவள் ஆட்டின் பின்புறமாகக் குந்தி, ஈரத்துணியால் மடியைத் துடைத்து, முதல் இரண்டு பீச்சைத் தரையில் விட்டுவிட்டு, கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் காம்பின் மேல்முனையை வளையமாக அடைத்துக்கொண்டு மற்ற விரல்களை ஒவ்வொன்றாக இறுக்குவாள். செம்பின் அடியில் ணங்கென்று விழுந்த சத்தம் நுரை ஏற ஏற அமுங்கிவிடும். ஒரு காம்பை மட்டுமே கறப்பாள். மற்றதைத் தொடமாட்டாள். இன்று இடமென்றால் நாளை வலம். பிறகு பஞ்சாரத்தைத் தூக்குவாள்; குட்டி வாலை ஆட்டிக்கொண்டு முட்டுகிற முட்டில் ஆட்டின் பின்னங்கால்கள் தரையைவிட்டுக் கிளம்பும். இரவு முழுவதும் அது தாயோடுதான்.

மேலைநாட்டுப் புத்தகங்கள் இரவில் பிரித்துக் காலையில் கறக்கச் சொல்கின்றன. அங்கே ஆடும் குட்டியும் பகலில் ஒரே வேலிக்குள் நிற்பதால் அது பொருந்தும். வெயிலில் ஆறேழு மைல் நடந்து மேயும் நம் ஆட்டுக்குப் பகற்பிரிவு தானாகவே நேர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் இரவிலும் பிரித்தால் குட்டிக்கு எஞ்சுவது ஒன்றுமில்லை. இரண்டில் ஒன்றைத்தான் கொள்ளலாம். மேய்ச்சலுக்குப் போகும் ஆட்டுக்கு மாலைக் கறவை, கொட்டிலில் தீனி தின்னும் ஆட்டுக்குக் காலைக் கறவை என்பதே என் அபிப்பிராயம். எந்த முறையானாலும் முதல் இரண்டு வாரம் மடி முழுவதும் குட்டிக்கே உரியது. அதிலும் முதல் நாள் சீம்பாலில் கை வைப்பது பாதகம்: ஆட்டின் நஞ்சுக்கொடி வழியாக நோயெதிர்ப்புச் சக்தி குட்டிக்குச் செல்வதில்லை, சீம்பால் வழியாகவே செல்ல வேண்டும், அதை அப்படியே உறிஞ்சும் வாயில் குட்டியின் குடலில் ஏறக்குறைய 24 மணி நேரத்தில் அடைபட்டுவிடும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் அந்த ஒரு நாளைக்குள் உள்ளே போக வேண்டும். சீம்பாலில் திரட்டுப்பால் காய்ச்சும் ஆசையைப் பசுவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பழைய வழக்கங்களில் கழித்துவிட வேண்டியவையும் உண்டு. குட்டி குடியாதிருக்கக் காம்பில் சாணம் பூசுவது மடிநோயை விலைக்கு வாங்குவது. மேயும் நேரத்தில் மடிக்குத் துணிப்பை கட்டினால் அதே காரியம் சுத்தமாக நடக்கும். குட்டியின் உதட்டில் புண் கண்டால் தாயின் காம்பிலும் அது ஏறும். ஆறும்வரையில் கறவையை நிறுத்த வேண்டும். பாலைக் காய்ச்சாமல் குடிப்பதும் கூடாது. மால்டா தீவில் ஆடுகளை வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்து கறந்து கொடுத்த காலத்தில், அந்தத் தீவையே வாட்டிய காய்ச்சலின் கிருமி நோயின் குறியே தெரியாத ஆடுகளில் குடியிருந்ததை 1905-இல் தெமிஸ்தோக்ளஸ் ஸாமித் கண்டுபிடித்தார்.

எங்கள் அப்பத்தாவின் முறையிலும் ஒரு குறை இருந்தது. அதற்கு நானும் உடந்தை. ஒரு கன்னியாடு மூன்று குட்டி போட்ட வருஷம், வீட்டில் கைக்குழந்தை இருந்ததால் வழக்கம்போல் ஒரு காம்பைக் கறந்துகொண்டே வந்தோம். மூன்றில் இரண்டு வலுத்தன. சிறியது முட்டிப் பார்த்து ஒதுங்கிப் போய் வயிறு ஒட்டி நின்றது. செம்பில் பால் குறையவில்லையாகையால் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு விடியற்காலையில் அது விறைத்துக் கிடந்தது. செம்பைப் பார்த்துக் கறப்பவர்களுக்கு இந்தத் தப்பு வராமல் இராது.

பார்க்க வேண்டியது தராசை. பிறக்கும்போது ஏறக்குறைய இரண்டு கிலோ இருக்கும் கன்னிக்குட்டி, தாய்ப்பால் சரியாகக் கிடைத்தால், வாரத்துக்கு நானூறு ஐந்நூறு கிராம் ஏறும். வாரம் ஒருநாள், அதே வேளையில், குட்டியைச் சாக்கில் இட்டுத் தொங்குதராசில் நிறுத்துச் சுவரில் கரிக்கோடு போட்டு வைக்கலாம். இரண்டு வாரம் எடை ஏறாமல் நின்றால் செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தாய்க்குத் தண்ணீரும் தவிடும் புண்ணாக்கும் கூட்டிப் பார்க்க வேண்டும்; பால் என்பது பெரும்பாலும் நீரே என்பதை மறந்து, மேய்ந்து வந்த ஆட்டுக்குத் தண்ணீர் காட்டாமலே கறக்க உட்காருவோர் அநேகர். ஒற்றைக் குட்டி ஏறி வந்தால் மாலையில் ஒரு காம்பு தாராளமாக வீட்டுக்கு. இரட்டை போட்ட கன்னியாட்டில், குட்டிகள் தழை கடித்து அசைபோடத் தொடங்கி, பிறந்த எடையைப் போல் இரண்டரை மடங்கு ஆகும்வரையில், கறவை வேண்டாம். மூன்று போட்ட ஆட்டை அந்த ஈத்தில் கறக்கவே கூடாது.